ராணிக்கு நான் சொன்ன சீன நாவல்

அந்த நாவல் மோசம் என்று சொல்ல மாட்டேன், மேடம். என் போனில் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். சிரிக்காமல் படிக்க முடியாது. இந்தக் காலத்தில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ஒருத்தி லாரியில் அடிபடுகிறாள். கண் விழித்தால், பழைய காலத்துச் சீனாவில் ஒரு தளபதியின் வேண்டாத மூன்றாம் மனைவியாகக் கிடக்கிறாள். உடம்புதான் வேறு, வாய் அதே கடைக்காரியின் வாய். தளபதியைப் பார்த்து, "நீங்க விடுற கொறட்டையில எதிரி படையே ஓடிப்போயிரும்லா" என்கிறாள். என் தங்கை விஜயராணி அந்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ராணிக்குச் சீனம் படிக்கத் தெரியாது. அப்பா என்னைச் சீனப் பள்ளியில் போட்டார். அவள் முறை வந்தபோது மனம் மாறித் தமிழ்ப் பள்ளியில் சேர்த்துவிட்டார். அதனால் நான்தான் படித்துப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டு சிறுநீரகமும் போன பிறகு வாரத்துக்கு மூன்று தடவை அவளை ஆயர் குரோவில் உள்ள டயாலிசிஸ் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போவேன். மெஷின் பக்கத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து என்னதான் பேசுவது? கதை சொன்னேன். அப்பா அம்மா போன வீட்டில் என்னை விட்டால் அவளுக்கு ஆள் கிடையாது.

குறைகளும் உண்டு. நடுப்பகுதி ஒரே வளவளப்பு. மாமியார் பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறவள். அவள் விஷம் வைப்பதும் மருமகள் தப்புவதும் திரும்பத் திரும்ப வரும். புருஷனும் பெண்டாட்டியும் வாயைத் திறந்து பேசினால் தீரும் சண்டையை இழு இழு என்று இழுத்திருக்கிறார்கள். அதையெல்லாம் வெட்டினேன். சாப்பாட்டுக் காட்சிகள் மட்டும் பிரமாதம்; அவற்றைக் கூட்டினேன். ராணி தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். கிளேபாங் கடற்கரைப் பக்கம் போனால், இளநீரில் ஐஸ்கிரீம் போட்டு அடித்துத் தரும் தேங்காய் ஷேக் கடை வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளிடம் நான் தர்பூசணியையும் கோழி சூப்பையும் விலாவாரியாகச் சொன்னேன். எச்சிலை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

பெரிய குறை முடிவில் இருக்கிறது. கடைக்காரியின் பழைய உடம்பு ஆஸ்பத்திரியில் உயிரோடு கிடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் இவள் தளபதியையும் அரண்மனையையும் விட்டுவிட்டு அந்த உடம்புக்கே திரும்பி வருகிறாள். எனக்கு எரிச்சலாக வந்தது. கூப்பிடுகிறவளுக்கும் ஒரு நாள் அலுக்குமே என்று எழுதினவர் யோசிக்கவே இல்லை.

எனக்கு அலுத்துவிட்டது, மேடம். தினேஷ்வரன் என்னைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தான். ஜொகூரில் வேலை கிடைத்துப் போனவன், போன் செய்வதையே குறைத்துக்கொண்டான். காலையில் கண் திறந்ததும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு உப்பில்லாத கஞ்சி வைப்பேன். இது எப்போது முடியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அதனால் கதையின் முடிவை மாற்றினேன். பழைய உடம்பின் மூச்சு நின்றால்தான் புது உடம்பு நிலைக்கும் என்று சொன்னேன். கடைக்காரி ஆஸ்பத்திரியில் ஒரு தடவை கண் திறந்து மருந்தை வேண்டாம் என்கிறாள், வலியில்லாமல் தூங்குகிறாள், அங்கே தளபதி மடியில் கண் விழிக்கிறாள். ராணி என் பக்கம் திரும்பினாள்.

"நெஜமாவே அப்படி நடக்குமாக்கா?" என்று கேட்டாள்.

இந்த மாதிரி எத்தனையோ நாவல் எழுதியிருக்கிறார்கள், ஒன்றுமில்லாமலா எழுதுவார்கள் என்றேன். ராணி ஒன்றும் முட்டாள் இல்லை. ஆசைப்பட்டாள், அவ்வளவுதான்.

அடுத்த முறை சென்டருக்குக் கிளம்பும்போது, இன்றைக்கு வேண்டாம் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. அதற்கடுத்த முறையும் அப்படியே. நர்ஸ் போன் செய்து விசாரித்தார். சிரம்பானில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறோம், அங்கேயே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு மத்தியானம் அவளுக்கு முகமெல்லாம் வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு அரமனையெல்லாம் வேணாம்லா. பயமா இருக்கு. சென்டருக்குக் கூட்டிட்டுப் போ."

கார் வாசலில்தான் நின்றது. இந்த அத்தியாயம் முடியட்டும், போகலாம் என்றேன். அப்படி ஒரு அத்தியாயம் நாவலில் கிடையாது. நானே கட்டிக் கட்டிச் சொன்னேன். தளபதியைக் குதிரையிலிருந்து விழவைத்தேன், மாமியாரைச் சேற்றில் வழுக்கவைத்தேன். அவள் என் கையை இறுக்கினாள், மறுபடி இறுக்கினாள், பிறகு விட்டுவிட்டாள். மூச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்தான் கொன்றேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் விருப்பத்துக்கு மாறாக நான் எதுவும் செய்யவில்லை. பிடிக்காமல் இருந்திருந்தால் கதையை நடுவிலேயே நிறுத்தச் சொல்லியிருப்பாள், இல்லையா மேடம்?