கேமராவைப் பார்க்காத ஒருவன்

என் பேச்சு நீண்டால் மணியடிக்கும் அதிகாரத்தோடு தலைமையிடத்தில் அமர்ந்திருக்கும் என் அருமை நண்பர் நாசர் அவர்களே! அவருக்கே மணியடிக்கும் வல்லமை படைத்த அவர் துணைவியார் கமர் நிஷா அம்மையார் அவர்களே! மூன்று ஷிப்டும் முகம் சுளிக்காமல் பார்த்து, இன்று முழங்கால் வலியோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! அந்த மூன்று ஷிப்டுக்கும் முன்னால் எழுந்து சோறு கட்டிக் கொடுத்த தாய்மார்களே! நெய்வேலியில் பிறந்து நெடுந்தொலைவில் வேலை பார்த்து, இந்த ஒரு மாலைக்காக ஓடி வந்திருக்கும் பிள்ளைகளே! உங்கள் எல்லாருக்கும் அன்புச்செல்வனின் வணக்கம்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, "நல்ல கேமரா உள்ள செல்போன் எது?" சிரிக்காதீர்கள். நம் குடியிருப்போர் சங்கத்தில் இரண்டு வாரமாக இதுதான் சண்டை. அடுத்த மாதம் இந்தப் பழைய குவார்ட்டர்ஸை எல்லாரும் காலி செய்கிறோம். இடிக்கப் போகிறார்கள். அதற்குமுன் ஒவ்வொரு வீட்டையும் படமெடுத்து வைக்க, சங்கத்துக்கென்று ஒரு செல்போன் வாங்குவதாகத் தீர்மானம் போட்டோம். எதை வாங்குவது? அங்கேதான் நம் பிளாக் இரண்டாகப் பிளந்தது.

என் மகன் பிரவின்குமார் ஒரு செல்போனைச் சொன்னான். நாசரின் மகள் ஃபர்ஹீன் வேறொன்றைச் சொன்னாள். அவன் சொன்னதில் எடுத்தால் நான் புது மாப்பிள்ளையாகத் தெரிகிறேன். அவள் சொன்னதில் எடுத்தால் ரிட்டயர் ஆன அன்புச்செல்வனாகவே தெரிகிறேன். நான் எந்தக் கட்சி என்று கேட்கவும் வேண்டுமா? ஆமாம் ஐயா, தலைக்குச் சாயம் பூசும் கட்சிதான், உட்காருங்கள்!

ஒரு காலம் இருந்தது. இந்தப் பிளாக்குக்கே ஒரே ஒரு கேமரா இருந்த காலம்! அதை வைத்திருந்தவர் திருநெல்வேலிக்கார இசக்கிமுத்து அண்ணன். பொங்கலுக்குப் போட்ட ஃபிலிமைத் தீபாவளிக்குத்தான் முடிப்பார். காதுகுத்துக்கு அவர், கல்யாணத்துக்கு அவர், பிள்ளை பள்ளிக்கூடம் போகும் முதல் நாளுக்கும் அவர். "ஏலே, எவனும் அசையப்பிடாது! ஃபிலிமு வீணாப் போயிரும்!" என்று ஒரு அதட்டுப் போடுவார். நாம் மூச்சைப் பிடித்து நிற்போம். படம் கழுவி வர ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதமும் எத்தனை ஆவல்! எத்தனை விசாரிப்பு! இன்று நொடிக்கு நூறு படம் எடுக்கிறோம், ஒன்றையும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

சரி, சண்டைக்கு வருகிறேன். தலைவர் நாசர் தீர்ப்புச் சொன்னார்: "எங்க வூட்டு ஹால்ல தொங்கிகினு இருக்குதே ஆயுத பூஜை போட்டோ, அத ரெண்டு செல்லுலயும் எடுங்க. எது நல்லா வருதோ அத வாங்கிக்கலாம்."

எந்தப் படம்? மூத்தோர்களுக்குத் தெரியும், இளையோர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். ஆயுத பூஜை அன்று மண் வெட்டும் அந்த ராட்சச எந்திரத்துக்கு ஓய்வு. குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, குடும்பத்தையெல்லாம் நிலக்கரி மைன்ஸுக்குள் அழைத்துப் போய்க் காட்டுவோம். பூஜை முடிந்ததும் எந்திரத்தின் பக்கெட்டுகளுக்குள் ஏறி நின்று படமெடுப்பது நம் ஷிப்டின் வழக்கம். அந்தப் படம் எடுத்த வருடம் ஓரமாக ஒதுங்கி நின்றான் ஒரு இளைஞன். பெயர் நல்லசாமி, ஊர் முத்தாண்டிக்குப்பம். "நான் கான்ட்ராக்ட் ஆளுண்ணே, நான் எதுக்கு?" என்றான். நாசர் அவன் கையைப் பிடித்து இழுத்தார். "ஏர்றா மேல! யாரு பர்மனன்ட்டு, யாரு கான்ட்ராக்ட்டுன்னு மெஷினுக்குத் தெரியுமா?"

கை தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள். தலைவர் வெட்கப்படுகிறார்!

நல்லசாமி ஏறி என் பக்கத்தில் நின்றான். படம் எடுக்கப்பட்டது. அடுத்த மாதமே மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது. அவன் மனைவிதான் நம் பிளாக் முனையில் இட்லிக்கடை வைத்து நம் வயிற்றையெல்லாம் வாழவைத்த தனம். வீட்டாரை எதிர்த்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள். கல்யாணப் படம் கிடையாது. அவன் படம் ஒட்டிய கேட் பாஸையும் ஆபீஸில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவன் போன பிறகு பிறந்த மகள் எழில்மதி, அப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் நாசர் வீட்டுச் சுவருக்குத்தான் வருவாள். அந்தப் படத்திலோ மற்றவர்கள் முகமெல்லாம் தெளிவு, நல்லசாமியின் முகம் மட்டும் கலங்கல். படம் ஈரத்தில் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போனதால் பிரித்தெடுக்கவும் வழியில்லை.

இரண்டு செல்போனிலும் எடுத்தோம். ஃபர்ஹீன் எடுத்தது, சுவரில் இருப்பது அப்படியே வந்தது. பிரவின்குமார் எடுத்ததோ, அடடா! கலங்கல் போய்க் கண் தெரிந்தது, மூக்கு தெரிந்தது, நேராக நம்மைப் பார்க்கும் ஒரு முகம் தெரிந்தது! அந்தச் செல்போனுக்கே ஒருமனதாக வாக்களித்தோம். நல்லசாமியை மட்டும் பெரிதாக்கி, சட்டம் போட்டு, நெல்லிக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் எழில்மதியை வரவழைத்துக் கையில் கொடுத்தோம்.

அந்தப் பெண் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். "இப்பத்தாங்க எங்கப்பாவ பாக்கறேன்." எங்களுக்கும் கண் கலங்கியது.

கடையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தனம் வந்தாள். படத்தைப் பார்த்தாள். "யாரு இது?" என்றாள்.

"அப்பாம்மா."

"இவரு யாரோ. ஒங்கப்பா இல்ல."

சபையோர்களே, அப்போது அந்த மகள் கேட்டாளே ஒரு கேள்வி! "ஒனக்கு நெனப்பு இருக்கு. எனக்கு என்னா இருக்கு? இந்த ஒரு மொகத்தையும் புடுங்கிக்காதம்மா!"

யார் பதில் சொல்வது? தாய் சொல்வதா? தலைவர் சொல்வதா? என் மகன்தான் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னான். "மொகம் கலங்கலா இருந்தா இந்த செல்லு அதுவா ஒண்ண வரைஞ்சிடும்பா. அது அவரு மொகம் இல்ல." எழில்மதி இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். கொடுத்த அப்பாவைக் கொடுத்த கையாலேயே பறித்துக்கொண்டோம்.

அப்போது ஃபர்ஹீன் தன் செல்போனை நீட்டினாள். தனம் அந்தக் கலங்கலின்மேல் விரலை வைத்தாள். "இதாண்டி ஒங்கப்பா. ஒரு எடத்துல நிக்கமாட்டாரு." எழில்மதி, "மூக்கே தெரியலியேம்மா," என்று விம்மினாள்.

எனக்கு அந்த நாள் பளிச்சென்று கண்முன் வந்தது. அவன் பக்கத்தில் நின்றவன் நான்தானே! இசக்கிமுத்து அண்ணன் அதட்டினார். நாங்கள் மூச்சைப் பிடித்தோம். நல்லசாமி மட்டும் முணுமுணுத்தான். "அண்ணே, அவ வெயில்ல நிக்கறாண்ணே." கீழே கூட்டத்தில், ஏழு மாத வயிற்றோடு தனம். அவன் திரும்பினான். "நெழலுக்குப் போ புள்ள!" என்று கத்தினான். அந்த நொடியில் கேமரா சொடுக்கியது.

எழில்மதியிடம் இதைச் சொன்னேன். அம்மா, அந்த முகம் ஃபிலிம் கெட்டதால் கலங்கவில்லை. கேமராக்காரர் கை நடுங்கியதால் கலங்கவில்லை. வெயிலில் நின்றவளுக்காகத் திரும்பியதால் கலங்கியது. அவள் வயிற்றில் இருந்த உனக்காகத் திரும்பியதால் கலங்கியது! பக்கெட்டில் நின்ற நாங்கள் அத்தனை பேரும் கேமராவைப் பார்த்தோம். அவன் ஒருவன்தான் உங்களைப் பார்த்தான்.

தனம் தலையை ஆட்டினாள். "ஆமாண்டி. கத்துனாரு. நான்தான் போவல, போட்டோ எடுக்கறத பாக்கணும்னு நின்னுகினு இருந்தேன்."

ஆக, நல்ல கேமரா உள்ள செல்போன் எது? அழகு காட்டுவதா? அசல் காட்டுவதா? ஃபர்ஹீன் சொன்னதையே சங்கம் வாங்கிவிட்டது. என் மகனும் கை தூக்கினான், நானும் தூக்கினேன். நாளைக்கு ஃபர்ஹீன் படமெடுக்க உங்கள் வீட்டுக்கு வருவாள். தண்ணீர் கசிந்த சுவரைக் காலண்டரால் மறைக்காதீர்கள்! பிள்ளைகள் கிறுக்கிய கதவைத் துடைக்காதீர்கள்! கரி படிந்த அடுப்படியைக் கழுவாதீர்கள்! வாழ்ந்தது எப்படியோ அப்படியே இருக்கட்டும். நாம் எதைத் திருத்தினாலும் அங்கே வேறு யாரோதான் வாழ்ந்ததாக ஆகிவிடும்.

இதோ, தலைவர் மணியைத் தேடுகிறார், முடித்துவிடுகிறேன். பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், பந்தியைத் தள்ளிப்போட்ட தாய்மார்களுக்கும், ஒலிபெருக்கி பிடித்த தம்பிகளுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. மேடையில் திரை மூடி வைத்திருக்கும் இந்தப் பெரிய படத்தை நல்லசாமியின் மகள் எழில்மதி திறந்துவைப்பார். இரண்டில் எந்தப் படம் வேண்டும் என்று அன்றைக்கே அவளைக் கேட்டோம். சட்டம் போட்டதைத் தானே எடுத்து என் மகன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல இருக்கறவரு கேமராவ பாக்கறாருங்க," என்றாள். "எனக்கு என்னை பாக்கறவரே போதும்."

எல்லாருக்கும் வணக்கம். வாம்மா எழில்மதி, திற.