சவுரிராயனின் கைப்பட்டை

கிட்டே வாருங்கள் கண்ணுகளே, இன்னும் நெருக்கி உட்காருங்கள். ஒரு கோபக்காரனின் கதை சொல்கிறேன். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். விழுப்புரம் ரயிலடியில் மூட்டை தூக்குகிற சவுரிராயன், திண்டிவனத்தில் நடந்த பளுதூக்கும் போட்டியில் தோற்றுவிட்டு, பெண்சாதி லூர்துமேரியோடு ரயிலில் ஊர் திரும்புகிறான். மயிலம் தாண்டியும் அவன் வாய் ஓயவில்லை. அவர்கள் பேசுவதையே கேளுங்கள்.

— வாய மூடிக்கினு வாடி. உன்ன கூட்டிக்கினு வந்ததே பீடை.

— நல்லாருக்குதே நாயம்! குண்டு உன் கையிலேர்ந்து நழுவுது, பீடை நானா?

— நான் ஒழுங்கா தூக்கறவன்தான். அந்த மீசைக்காரன், நடுவராம் பெரிய நடுவரு, கைப்பட்டைய அவுருன்னுட்டான். இடுப்புல பெல்டு இருக்கலாமாம், கையில பட்டை கூடாதாம். பெல்டு மட்டும் இன்னா அவன் மாமனாரா?

— கைப்பட்டைன்னா அந்த நாடாவா? மணிக்கட்டுல மாட்டி, கம்பியே தெரியாத அளவுக்குச் சுத்திச் சுத்தி முறுக்குவேன்னு சொல்லுவியே?

— அதேதான். அதச் சுத்திட்டா முந்நூறு ராத்தலும் கையோட ஒட்டிக்கினு வரும். இன்னிக்கி அது இல்ல. முட்டி வரைக்கும் வந்திச்சு, விரல் பிரிஞ்சிடுச்சு. தடால்! திண்டிவனமே கைகொட்டிச் சிரிக்குது. ஜெயிச்சிருந்தா அடுத்து மெட்ராசு மேடைடி! இப்ப அதே மூட்டை, அதே முதுகு.

— மூட்டை தூக்கற கை எப்பிடிய்யா வழுக்கும்?

— அடி கூறுகெட்டவளே, மூட்டைக்கு முதுகுதாண்டி. கை சும்மா ஓரத்தப் புடிச்சிக்கும். கம்பிக்கு விரல்ல பிடி வேணும்.

— மூணு வருசமா கசரத்துக் கூடத்துக்குப் போயி குண்டு தூக்கிப் பழகறியே, அந்தப் பிடி வரலியா?

— பட்டை இல்லாம பழகியிருந்தா வந்திருக்கும்.

— அப்ப ஏன் பழகல?

— சீனுவாசன் ஐயா கட்டச் சொன்னாரு. கூடம் அவுருதுதானே. "உன் மணிக்கட்டு சன்னம்டா, பட்டை இல்லாம கம்பிகிட்ட போவாத"ன்னாரு. அவரே புது நாடா வாங்கியாந்து குடுத்தாருடி! நம்ம சேரியிலேர்ந்து வேற எவன அவரு உள்ள வுட்டாரு?

— வுட்டாரு, ஏன் வுட மாட்டாரு? நீ தூக்கினா பேரு அவரு கூடத்துக்கு. இன்னிக்கி குண்டு வுழுந்ததும் இன்னா சொன்னாரு?

— "உன் தலையெழுத்துடா"ன்னுட்டு முன்னாடி வண்டியிலயே போயிட்டாரு.

— மணிக்கட்டு சன்னமாம்! என் கால்காப்ப போட்டாலும் ஏறாதேய்யா உனக்கு. கூடத்துல மத்தவங்களும் பட்டை கட்டிக்கினாங்களா?

— அவங்களுக்கு இன்னாத்துக்கு?

— அவங்க மணிக்கட்டெல்லாம் உலக்கையோ? அந்த ஜவுளிக்கடைப் புள்ள, காத்தடிச்சா பறந்துடுவானே, அவனுமா கட்டல?

— கட்டல.

— கம்பியில குண்டு மாட்றது யாரு?

— அத ஏன் கேக்கற. நான் போறதுக்குள்ள அவங்களே மாட்டி வெச்சிருப்பாங்க. என்ன ஒரு வேலை செய்ய வுட மாட்டாங்க, ராசா கணக்கா.

— கழட்றது?

— அதுவும் அவங்கதான். பட்டைய மட்டும் நான் அவுத்துக்கினு போயி, வெளிய வேப்பமரத்துல மாட்டிட்டு வரணும்.

— ஏன், உள்ள ஆணி இல்லியா?

— ஆணி இருக்குது.

— இன்னா தொங்குது அதுல?

— அவங்க சட்டை, துண்டு, எல்லாந்தான். இன்னாடி, போலீசு கணக்கா கேட்டுக்கினே வர்ற? ஐயாவுக்கு என் மேல உசுரு! இன்னொரு வார்த்த பேசின, வண்டியிலேர்ந்து தள்ளி வுட்ருவேன்.

— தள்ளுய்யா. பொண்டாட்டியத் தள்ளத்தான் உனக்குக் கோவம் வரும். தள்ளிட்டு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தக் கூடத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, உன் தோலு அந்தக் கம்பி மேல பட்டிருக்குதா?

— நீ... நீ இன்னா சொல்ல வர்ற?

— நான் ஒண்ணும் சொல்லல. நீ சொல்லு. இன்னாய்யா, உள்ளங்கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு வர்ற? விக்கிரவாண்டியே வந்திருச்சி.

— இன்னிக்கி மேடையில புடிச்சேன் பாரு... ஜில்லுனு இருந்திச்சுடி. உடம்பே தூக்கிப் போட்டுச்சு. மூணு வருசமா தூக்கறேன் மேரி, கம்பி ஜில்லுனு இருக்கும்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.

நீங்கள் நன்றாயிருங்கள், கண்ணுகளே. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும். அந்தக் கையைத் தட்டிவிட எங்கேயும் ஒரு கை முளைக்காதிருக்கட்டும்.