வெள்ளையாய்ப் போன முந்தி

— நீ என்னமோ பண்ணியிருக்கற, ஸ்ரீகர். என் முந்தி ஜரிகை இப்படி வெளுத்துக் கெடக்காது.

— கமலவேணி அக்கா, நான் படம் எடுக்கறவன். உங்க புடவைமேல எனக்கென்ன விரோதம்?

— பெரிய கடைக்காரனுக்கும் நீதானே எடுக்கற? அவன் சேலையில தங்கம் தகதகங்குது. என்னுதுல மட்டும் சுண்ணாம்பு அடிச்சாப்புல இருக்குது.

— சுண்ணாம்பு இல்லேக்கா, வெளிச்சம். அரக்குப் பட்டு ஒரே இருட்டு, ஜரிகை கண்ணைக் கூசறது. ரெண்டும் ஒரே படத்துல அடங்காது. அதான் வெளிச்சம் கம்மியா ஒண்ணு, நடுவாந்தரமா ஒண்ணு, ஜாஸ்தியா ஒண்ணு எடுத்து, கம்ப்யூட்டர்ல ஒண்ணா சேத்தேன். அதுக்கு ஹெச்டிஆர்னு பேரு.

— சேத்தியா, கழிச்சியா?

— அதுல எல்லாம் இருந்தது. உங்க நெசவாளர் சங்கத்துக் கம்ப்யூட்டர் அதைத் திறக்காது, சாதாரணப் படமா, பிட்மேப்பா குடுன்னுட்டா. அதுல அவ்வளவு வெளிச்சம் கொள்ளாது. பட்டு தெரியட்டும்னு ஏத்தி வெச்சேன், ஜரிகை வெள்ளையாயிடுத்து. அவசரத்துல கவனிக்கலே. என் தப்புதான்.

— உன் தப்புக்கு என் தறி போவுதுப்பா! படத்தைப் பாத்துட்டு, சங்கம் குடுத்த ஜரிகையை மாத்திட்டு போலி போட்டேன்னு பேசிக்கினு இருக்காங்க. காலையில விசாரணை. நிரூபிக்கலன்னா இனிமே தறிக்குப் பாவு நூல் குடுக்க மாட்டாங்க. சேலை அமெரிக்கா போயிடுச்சு. சாட்சின்னா உன் படம் ஒண்ணுதான்.

— புரியறதுக்கா.

— அப்ப இந்த வெள்ளையையே பழையபடி மாத்து.

— பிட்மேப்பைத் திரும்ப ஹெச்டிஆரா மாத்தலாம். ஃபைல்தான் பெருசாகும். போன நிறம் வராது.

— பாத்தியா, நழுவற.

— ஐயோ, நழுவலேக்கா. சேத்து வெச்ச ஃபைல் சிடியில பத்திரமா இருக்கு. இதோ, போடறேன்.

— ஸ்க்ரீனை இப்படித் திருப்பு. நடுவுல நீ ஒண்ணு அமுக்கினாலும் எனக்குத் தெரியணும்.

— திருப்பியாச்சு. இப்ப வெளிச்சத்தை இறக்கறேன். முந்தி வர்றது பாருங்கோ.

— இன்னும் இறக்கு, இன்னும்... இதுப்பா! இதுதான் என் ஜரிகை! காலையில நீயே வந்து செக்ரட்டரிகிட்ட இதைக் காட்டணும்.

— வரேன். ஆனா அக்கா, முந்தி நடுவுல குறுக்கே ஒரு கோடு தெரியறதே. இந்தப் பக்கம் தங்கம், அந்தப் பக்கம் பித்தளை மாதிரி.

— உன் மிஷின் கோளாறு.

— மிஷின்னா பட்டும் நிறம் மாறணுமே. மாறலையே.

— கிட்ட கொண்டா... கோடு போற எடத்தை இன்னும் பெருசு பண்ணு.

— போதுமா? அங்கேருந்து ஜரிகையே வேறக்கா. நீங்கதானே நெய்தது?

— படத்தை மூடுப்பா.

— அக்கா?

— மூடுன்றேன். அந்த சிடியை எங்கிட்டயே குடுத்துடு. படம் எடுத்தவன் கெடுத்துட்டான்னு சங்கத்துல சொல்லிக்கறேன்.

— என் பேரு என்னாறது? இவ்வளவு நேரம் என்னைத் திருடன் மாதிரி பாத்தேளே, இப்ப யாரைக் காப்பாத்தறேள்?

— தங்கச்சி பிரசவத்துக்கு நான் திருப்புட்குழி போயிட்டேன். நான் பாதியில வுட்ட முந்தியை நெய்து முடிச்சு, சேலையைத் தறியிலேந்து அறுத்து சங்கத்துல குடுத்தது எங்க வூட்டுக்காரரு.