நுமிசியாவின் கையில் தக்களி எதற்கு?

ஒழுகும் கூரைக்குக் கீழே ஒழுங்காக உட்கார்ந்து இந்தக் கூட்டத்தை நடத்தும் தலைவர் கோஸினியஸ் அவர்களே! கடல் தெய்வத்துக்கு விளக்கேற்றி வைத்த பூசாரி அவர்களே! 'தாய்' என்று இந்தத் துறைமுகத் தொழிலாளர் சங்கமே பட்டம் கொடுத்து முன்வரிசையில் அமர்த்தியிருக்கும் பெட்ரோனியா அம்மா அவர்களே! ஆற்றை எதிர்த்துப் படகிழுத்துத் தோள் காய்த்துப்போன அண்ணன்மார்களே! முழங்கையில் மீன் செதிலோடு ஓடிவந்திருக்கும் அக்காமார்களே! எனக்கு முன் பேசி உங்களில் பாதிப் பேரைத் தூங்கவைத்த பெரியவர்களே! எல்லோருக்கும் கயிறு முறுக்கும் ருஃபியோவின் வணக்கம்.

நாளை காலை இந்த மண்டபத்து வாசலுக்கு ஒரு சிற்பி வருகிறான். வாசலில் பளிங்குச் சிலையாக நிற்கிறாளே நம் நுமிசியா, அவள் முகத்தைச் செதுக்கி வேறு முகம் ஆக்குவான். மோதிரம் ஏந்தி நீண்டிருக்கும் அவள் கையில் கம்பளி நூற்கும் தக்களி வைப்பான். பீடத்தில் இருக்கும் பெயரைக் கொத்தி எடுத்துவிட்டு, செனட்டர் பாப்பிலியஸின் மனைவி பெயரைப் பொறிப்பான். பளிங்கு மிச்சம்! பாப்பிலியஸ் நமக்குப் புரவலர் ஆவார். கூரையும் போட்டுத் தருவார். அதற்கு நம் சம்மதம் கேட்கத்தான் இந்தக் கூட்டம்.

ஏன் நுமிசியாவை எடுக்க வேண்டும்? ஏனென்றால் அவள் புருஷனைக் கொன்றவளாம். யார் சொன்னது? வரலாறு சொன்னதாம். எந்த வரலாறு? பெரியவர் துர்ரானியஸ் எழுதிய வரலாறு. துர்ரானியஸ் நம் ஒஸ்தியாத் துறைமுகத்துக்கு எத்தனை முறை வந்திருக்கிறார்?

யாரது பின்னால்? "ஒரு தடவை வந்து சிப்பி தின்னுட்டு வாந்தி எடுத்தாரு" என்கிறீர்களா? அந்த ஒருமுறை வந்ததற்குத்தான், அண்ணே, நாம் இந்தப் பாடுபடுகிறோம்!

தோழர்களே, இந்த வரலாறு எப்படிச் சமைக்கப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? என் நண்பன் ஹிலாருஸுக்குத் தெரியும். ரோமில் அவனுக்கு வேலையே கைதட்டுவது. பெரிய மனிதர்கள் தாங்கள் எழுதியதைக் கூடத்தில் வாசிப்பார்கள். ஹிலாருஸ் மாதிரி நாற்பது பேர் பின்வரிசையில் உட்கார்ந்து, மேற்பார்வையாளன் விரலை உயர்த்தினால் தட்டுவார்கள். கூலி, ராத்திரிச் சாப்பாடு. பாப்பிலியஸ் வீட்டில் துர்ரானியஸ் வாசித்தபோதும் ஹிலாருஸ் இருந்தான். போன வாரம் இங்கே வந்தவன் என்னிடம் சொன்னான்:

"மொத தடவை வாசிச்சப்போ உங்க ஊரு தானியக் கண்காணிப்பாளரு, அதான் நுமிசியா புருஷன், காய்ச்சல்ல செத்தாருடா."

"ஆமா, காய்ச்சல்லதானே செத்தாரு."

"செத்தாரு, ஆனா கூடத்துல ஒரு சத்தம் இல்லயே! மேற்பார்வையாளன் வெரல தூக்குறான், எங்களுக்கே கொட்டாவி வருது. துர்ரானியஸ் மொகம் செத்துப்போச்சு. மறுமாசம் திரும்ப வாசிச்சாரு. இந்தத் தடவ பொண்டாட்டி காளான் சமைச்சுக் குடுக்குறா. அடேயப்பா! வெரல் தூக்கவே வேணாம். செனட்டருங்க எழுந்து நின்னுட்டாங்க."

"மூணாவது தடவ வாசிச்சா?"

"சாகுறதுக்கு முன்னாடி அந்தாளு எழுந்து ஒக்காந்து, 'அடிப்பாவி'ன்னு ஒரு பக்கம் வசனம் பேசுவாரு பாரு!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபின்தான் கோபம் வந்தது. ஒரு பெண்ணைக் கொலைகாரி ஆக்கச் சாட்சி வேண்டாம், சான்று வேண்டாம், கைதட்டல் போதும்! காய்ச்சலில் சாகும் புருஷன் யாருக்கு வேண்டும்? காளானில் செத்தால்தான் வரலாறு!

அது எந்தக் காலம் என்று நினைத்துப் பாருங்கள். கடல் மூடிய குளிர்காலம். கப்பலே வராத அந்தக் கடுங்குளிரில் காளான் எங்கே முளைத்தது?

"காயவெச்ச காளான்!" என்கிறார் மாவு ஆலை அண்ணன். நல்ல பதில், அண்ணே. ஆனால் துர்ரானியஸ் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? "விடியற்பனி உலராத காளான்" என்று எழுதியிருக்கிறார்! நீங்கள் வேண்டுமானால் ரோமுக்குப் போய் அவருக்குத் திருத்திக் கொடுங்கள்.

இவர் ஒருவர் மட்டுமா இப்படி? ஆட்சியில் இருப்பவன் உயிரோடு இருந்தால் கடவுள். செத்து, அடுத்தவன் அரியணை ஏறிவிட்டால் கொடுங்கோலன். அந்தக் கொடுங்கோலன் கெட்டதற்குக் காரணம் என்ன? அம்மா கெடுத்தாள். அம்மா நல்லவள் என்றால் மனைவி கெடுத்தாள். மனைவியும் நல்லவளா? அப்படியானால் அவனே பெண்ணைப் போல ஆகிவிட்டான்: நீளக் கை வைத்த சட்டை போட்டான், வாசனை எண்ணெய் பூசினான், அழுதான்! ஆணின் குற்றத்தை எழுதும்போதும் பெண்ணின் உடையைத்தான் மாட்டிவிடுகிறார்கள். ஒரு தளபதி ஊரைக் கொளுத்தினால் அது உறுதி. ஒரு பெண் கதவைத் திறக்கச் சொன்னால் அது ஆணவம். இது என்ன நியாயம்?

இவர்கள் புத்தகங்களில் இரண்டே பெண்கள்தான் உண்டு. ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து கம்பளி நூற்பாள். ஒருத்தி விஷம் கலப்பாள். நம் சாலையோரக் கல்லறைகளைப் பாருங்கள். "கற்புள்ளவள், கம்பளி நூற்றாள்." "அடக்கமானவள், கம்பளி நூற்றாள்." எல்லோரும் கம்பளி நூற்றார்கள் என்றால் இந்த ஊரில் மீன் வெட்டியது யார்? படகை வாடகைக்கு விட்டது யார்? பாய் தைத்தது யார்? குடித்துவிட்டு விழுந்த உங்களைத் தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனது யார்? அவர்களுக்கு எந்தப் புத்தகத்தில் இடம் இருக்கிறது?

"எம் பொண்டாட்டி இழுத்துக்கிட்டுதான் போவா, தோள்ல எல்லாம் போட மாட்டா" என்கிறார் ஒருவர். இழுத்துக்கொண்டு போனாலும் பெருமைதான், மாமா!

சரி, நுமிசியாவுக்கு வருவோம். அந்தக் குளிர்காலத்தில் நமக்கு ரொட்டி இல்லை. கிடங்கு நிறையக் கோதுமை இருந்தது. வாசலில் படைத்தலைவன் வாளோடு நின்றான். ரோமில் பசி முற்றி விலை ஏறட்டும், பிறகு திறக்கலாம் என்று சிலர் காத்திருந்தார்கள். கண்காணிப்பாளர் ஹெரென்னியஸ் நல்லவர், ஆனால் படுக்கையில் கிடந்தார். நம் ஆட்கள் நான்கு பேர் அவர் வீட்டுக்குப் போய்க் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவரால் எழ முடியவில்லை. முத்திரை மோதிரத்தைத் தானே கழற்றினார். வீங்கிப்போன விரலிலிருந்து அது வர நேரமாயிற்று. மனைவி கையில் வைத்தார். "நீ போ" என்றார்.

அவள் போனாள். ஈரத் துறையில் நடந்து போய்ப் படைத்தலைவன் மூக்குக்கு நேரே மோதிரத்தை நீட்டினாள். அவன் சொன்னான், "அம்மா, இது ஆம்பளைங்க விஷயம். வீட்டுக்குப் போங்க."

அவள் சொன்னாள், "வயிறு ஆம்பளைக்கு மட்டுமா இருக்கு? கதவைத் தொற. இல்லேன்னா, என் புருஷன் முத்திரையை மதிக்கலேன்னு ராஜாவுக்கு இப்பவே ஆள் அனுப்புறேன்."

கதவு திறந்தது. அன்று மாலை இந்த ஊரில் அடுப்பு எரிந்தது.

துர்ரானியஸ் இதை எப்படி எழுதுகிறார் தெரியுமா? "இறந்துகொண்டிருந்த கணவனின் விரலிலிருந்து அதிகாரத்தைத் திருடினாள்." திருடினாளாம்! மோதிரம் கொடுக்கப்பட்டதை அந்த அறையில் நின்று பார்த்த நான்கு பேரில் மூன்று பேர் இன்று இல்லை. நான்காமவர் இருக்கிறார். இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்.

தலைவர் கோஸினியஸ் அவர்களே, நீங்கள் அந்த அறையில் இருந்தீர்களா, இல்லையா?

"உக்காருடா, போதும்" என்கிறீர்கள். உட்காருகிறேன். பதில் சொன்னால் உட்காருகிறேன். கட்டில் காலைப் பிடித்தது உங்கள் கைதானே? மோதிரம் திருடப்பட்டதா, தரப்பட்டதா?

சத்தம் போடாதீர்கள், அண்ணன்மார்களே. தலைவர் பேசுகிறார். கேளுங்கள்.

"குடுத்தாரு... அவரேதான் குடுத்தாரு. ஆனா கூரை ஒழுகுதேடா, ருஃபியோ. நான் என்ன பண்ண?"

நன்றி, தலைவரே. இந்தச் சொல்லுக்காகத்தான் நான் மேடை ஏறினேன். உங்களைத் தலைகுனியவைக்க நான் வரவில்லை. பயம் உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. பாப்பிலியஸுக்குக் கோபம் வந்தால் எந்தப் படகுக்கு வேலை இருக்கும் என்று எனக்கும் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். ரோமில் நாற்பது பேர் சோற்றுக்காகக் கைதட்டினார்கள். அவர்களுக்கு நுமிசியா யாரென்றே தெரியாது. நமக்குத் தெரியும். அவள் திறந்துவிட்ட கிடங்கின் ரொட்டியைத் தின்றவர்கள் நாம். தெரிந்தே கூரைக்காகத் தலையாட்டினால், துர்ரானியஸைவிட நாம் கீழானவர்கள். அவர் பொய்யைத் தோல் சுருளில் எழுதினார்; நாம் அதைக் கல்லில் வெட்டப் போகிறோம். தோல் மட்கும், தோழர்களே. கல் நிற்கும். நூறு வருடம் கழித்து வருகிறவன் கல்லைத்தான் படிப்பான்!

நுமிசியா கம்பளி நூற்றாளா? எனக்குத் தெரியாது. நூற்றிருக்கலாம். ஆனால் அந்தக் குளிரில் அவள் கையில் தக்களி இருந்திருந்தால், இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் இருந்திருக்க மாட்டீர்கள். கூரை ஒழுகட்டும்! நனைவோம்! நனைந்தபடி கூடுவோம்! நனைந்தபடி பேசுவோம்! பொய்யின் கீழே காய்ந்து கிடப்பதைவிட உண்மையின் கீழே நனைந்து நிற்பது மேல்!

இந்தச் சங்கத்தில் வாக்கு என்பது வாயால் சொல்வது இல்லை, காலால் நடந்து காட்டுவது. பாப்பிலியஸ் வேண்டும் என்பவர்கள் இடது சுவரோரம் போங்கள். நுமிசியா வேண்டும் என்பவர்கள் வாசலுக்குப் போய் அவள் பக்கத்தில் நில்லுங்கள். நாளை உளி வந்தாலும் அங்கேயே நிற்கத் துணிந்தவர்கள் மட்டும் போங்கள்.

இதுவரை பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், குறுக்கே பேசிக் கேட்ட உங்களுக்கும், பேச இடம் கொடுத்த தலைவர் அவர்களுக்கும்... பெட்ரோனியா அம்மா, கொஞ்சம் இருங்கள், நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை. சரி, நீங்கள் நடங்கள், அம்மா. வழி விடுங்கள், அண்ணே, அம்மா வாசலுக்குப் போகிறார். தலைவரே... நீங்களுமா? கையைக் கொடுங்கள், படி வழுக்கும்.

எல்லோருக்கும் நன்றி, வணக்கம். மிச்சத்தை வாசலில் பேசிக்கொள்ளலாம்.