ஒரு பக்கம் மோர், மறுபக்கம் யுரேனியம்

பட்டர்வொர்த்தில் பினாங்குத் தீவுக்கான ஃபெர்ரி கிளம்பியதும், பக்கத்து மாநிலமான கெடாவிலிருந்து வந்த இரண்டு பெண்கள் ஒரு நீளமான பேனரை விரித்துப் பெயிண்டைக் காற்றில் காய வைத்தார்கள். வேலை தேடிப் போகும் நான் பையோடு எதிரே உட்கார்ந்திருந்தேன். தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒருவர் அவர்களிடம் போனார்.

“அக்கா, மோரு எங்க?”

“என்ன மோரு?”

“பின்னாடி போட்டிருக்கே, இலவச மோர், எல்லாரும் வாங்கன்னு.”

மூத்தவர் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். “அடியே! தைப்பூசத் தண்ணிப் பந்தல் பேனர்லயா எழுதின?”

“மறுபக்கம் சும்மாதானே அண்ணி இருந்துச்சு!”

இருவரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். அதற்குள் இன்னும் சிலர் மோருக்கு வந்துவிட்டார்கள்.

“மோரு இல்லண்ணே, ஆர்ப்பாட்டம்தான் இருக்கு. எங்க மலையில யுரேனியம் தோண்டப் போறாங்களாம். வேணாம்னு சொல்லப் போறோம்” என்றார் மூத்தவர்.

“கெடாவுல தோண்டுனா பினாங்குக்கு என்னலா?” என்று சிரித்தார் தொழிற்சாலைச் சட்டைக்காரர்.

“காலையில எதுல குளிச்சீங்க?”

“பைப்புத் தண்ணியிலதான்.”

“அது எங்க மலையிலேருந்து வர்ற ஆத்துத் தண்ணி. அங்கதான் தோண்டுவாங்க.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். போனை எடுத்தார்.

“சூப்பர்வைசர் அண்ணே, இன்னிக்கி வேலைக்கு வர முடியாதுலா. வயித்த கலக்குது.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

“ஒண்ணும் சாப்பிடலண்ணே. தண்ணிதான் குடிச்சேன்.”

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.