மோட்டார் கொட்டகையில் ஆடு புலி

டீயை ஆறவிட்டுக் குடிப்பதுதான் என் வழக்கம். அது ஆறட்டும், நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கைநாட்டு வைக்குமுன் வாசித்துக் காட்ட வேண்டும். போலீஸ் எழுத்தை நான் நம்புவதில்லை.

செத்துப்போன ஆவுடையப்பன் என் பெண்டாட்டி சொர்ணத்துக்கு அண்ணன். வல்லத்திராக்கோட்டையில் எங்கள் இரண்டு பேர் வயலுக்கும் ஒரே போர், ஒரே மோட்டார். தண்ணீர் பாயும் நேரத்தில் கொட்டகைத் தரையில் கரிக்கோடு போட்டு ஆடு புலி ஆடுவோம். புலி எனக்கு, புளியங்கொட்டை ஆடுகள் அவனுக்கு.

"அங்கிட்டு வைக்காத மாப்ள, வெட்டிருவேன்" என்று மிரட்டுவேன். பொய்யாக மிரட்டினால் என் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்துவிடும். அதைக் கண்டுபிடித்தவன் அவன் ஒருவன்தான். அவன் கண்டுபிடித்தது தெரிந்த பிறகு, சில நேரம் உண்மையைச் சொல்லிவிட்டு வேண்டுமென்றே சிரிப்பேன். பொய்யென்று நினைத்து ஆட்டைக் கொண்டுவந்து புலி வாயில் வைப்பான். தோற்கிற நாளில், வீட்டில் சொர்ணத்துக்கு முடியவில்லை என்று புளுகி எழுந்து போனதும் உண்டு. ஆட்டம்தானே.

போன கோடையில் பாதி ஆட்டத்தில் தண்ணீர் குடிக்க வீட்டுக்குப் போனேன். சொர்ணம் அடுப்படியில் மூச்சுவிட முடியாமல் கிடந்தாள். ஓடிவந்து, அவனுடைய லோடு ஆட்டோவை எடுக்கச் சொன்னேன். அவன் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புலி அடைபட்டா ஒடனே எந்தங்கச்சிக்கு நோவு வந்துருமே. உக்காரு மச்சான்."

அன்று என் முகத்தில் சிரிப்பு இல்லை. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேறு வண்டி பிடிப்பதற்குள் அவள் போய்விட்டாள். அவனும் மண்ணில் புரண்டு அழுதான். காரியம் முடிந்து மறுபடி ஆட வந்தான். நானும் ஆடினேன். வேறு யாரோடு ஆடுவது.

ஐப்பசி மழையில் ஸ்டார்ட்டர் பெட்டியில் கரண்டு கசிந்தது. என் விரலில் சுருக்கென்றது. யாரிடமும் சொல்லவில்லை. அவன் ஈரக்காலோடு மோட்டார் போட எழுந்தபோது, "தொடாத மாப்ள, கரண்டு அடிக்குது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். வெளியே புல்லறுத்துக்கொண்டிருந்த இருளாயி கேட்டிருக்கிறாள். தடுத்தவனைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறீர்கள்.

விழுந்தவன் உள்ளங்கையில் ஒரு புளியங்கொட்டை இருந்தது. அடுத்து வைக்க வேண்டிய ஆடு.

தங்கச்சி செத்ததிலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம். நான் எது சொன்னாலும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வான்.

அன்றைக்கும் பார்த்தான். நான் லேசாகச் சிரித்தேன்.