நாய்க்குப் போட்ட கேக்கு

...நாலு வரியாம் தம்பி. மார்கிரட் மதினி போன்ல சொல்லுது, ‘நீங்கதான கவித எழுதறவரு, ஒங்கண்ணனுக்கு நாலு வரி எழுத மாட்டீங்களா’ன்னு. நாலு வரின்னா நாலு ரொட்டி தட்டற மாதிரி நெனச்சிருக்கு.

நீங்க ஜன்னல் பக்கமே இருங்க, மடியில கட்டு இருக்கு, நான் ஓரமா ஒட்டிக்கிறேன். மஸ்கெலியாவுக்கா? சரி, பேசிக்கிட்டே போயிரலாம்.

நான் பத்திநாதன். ஹட்டன்ல பிரஸ்ல வேல. முப்பத்தோராம் நாள் பூசை முடிஞ்சதும் ஞாபகக் கார்டு குடுப்பாங்கல்ல, மேல போட்டோ, கீழ கவித, அந்தக் கீழ இருக்கறது நானு. இருவது வருஷமா இந்தப் பக்கம் செத்த அத்தன பேருக்கும் அழுதவன் நான்தான். ஒரே கண்ணீருதான், பேர மட்டும் மாத்துவேன். ‘வானம் போன விளக்கே, வாடிப் போச்சு வீடே’ன்னு தொடங்கும். கேட்டதில்லயா? அப்ப ஒங்க வீட்டுல யாரும் சாகல போல. நல்லதுதான்.

எங்கண்ணன் சவரிமுத்து போன மாசம் போயிருச்சு. இன்னக்கி சாயங்காலம் பூசை, நல்லதண்ணி பக்கத்துத் தேயிலத் தோட்டத்துல. அதுக்குத்தான் போறேன்.

அண்ணனோட ஒம்போது வருஷமா பேச்சில்ல. ஏன்னு கேளுங்க. நீங்க கேக்கலன்னாலும் சொல்லுவேன். மாயாண்டின்னு எங்க தோட்டத்து ஆளு ஒருத்தரு காலமானாரு. கருமாதி அன்னக்கி நானே எந்திரிச்சி விளக்குக் கவிதய வாசிச்சேன், கொரல நல்லா நடுங்க விட்டு. அண்ணன் பந்தல்ல ஒக்காந்துகிட்டு சொல்லுச்சு: ‘தம்பி, மாயாண்டி லயத்து வீட்டு வரிசையில எல்லாரோடயும் சண்ட போட்ட மனுஷன். ஆனா அடமழைல அடுத்தவன் ஆட்ட உள்ள கட்டிட்டு, தான் வெளிய நனஞ்சவரு. ஒன் பாட்டுல எங்கடா அவரு? ஒன் பாட்டுல எல்லாரும் ஒரே ஆளாத்தான் சாவுறாங்க.’

கருமாதி வீட்டுல சிரிச்சாங்க தம்பி. மாயாண்டி பொண்டாட்டியே சிரிச்சிச்சு.

கவிஞனுக்கு ரோசம் வேணுமில்ல? கவித இல்லன்னாலும் ரோசம் நெறைய இருந்துச்சு. ஆனா அண்ணன் விடல. நத்தாருக்கு நத்தாரு, ஏசு பொறந்த அன்னக்கி, மக ஷாமிலா கையில கேக்கு குடுத்தனுப்பும். ‘நாய்க்குப் போட்டுட்டேன்னு ஒங்கப்பன்கிட்ட சொல்லு’ன்னு நான் சொல்லிவிடுவேன். அடுத்த வருஷம் இன்னும் பெருசா வரும்.

சாவுக்குப் போனேன். பொட்டி பக்கத்துல நின்னேன். அப்பவும் பேசல. அவ்வளவு பெரிய கவிஞன்.

இந்த முப்பது நாளா ஒக்காந்து எழுதறேன். ‘வானம் போன விளக்கே’ன்னு எழுதினா போட்டோவுக்குள்ள இருந்து அண்ணன் சிரிக்குது. மனசுங்கறத நான் நிலாவுல, பூவுல, விளக்குலன்னு மூணு எடத்துலதான் தேடி வச்சிருந்தேன் தம்பி. அது போயி ஒரு கேக்கு டப்பாவுல குந்திகிட்டிருக்கு.

அதான் ரெண்டு விதமா கார்டு அடிச்சேன். மேல தட்டுல இருக்கற பையில விளக்குக் கவித. மடியில இருக்கறது இது. இந்தாங்க, ஒண்ணு பாருங்க.

‘ஒன்பது நத்தார், ஒன்பது கேக்கு.
நாய்க்குப் போட்டேன் என்று சொல்லியனுப்பினேன்.
எங்கள் வீட்டில் நாய் இல்லை, அண்ணா.
அது உனக்கும் தெரியும்.’

எதுகையும் இல்ல, ஒரு எழவும் இல்ல. மதினி என்ன சொல்லும்? ‘தின்னுட்டுப் பொய் சொன்னவன்’னு பாதர் முன்னுக்கே சனம் பேசும். விளக்கக் குடுத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அண்ணனும் எல்லாரயும் போல செத்துப்போவும். எதக் குடுக்க? முன்னப்பின்ன தெரியாதவரு, நீங்க சொல்லுங்க. மேல இருக்கறதா, மடியில இருக்கறதா?

என்ன எந்திரிச்சிட்டீங்க? இது நோர்வூட் தம்பி. மஸ்கெலியான்னுல்ல சொன்னீங்க... எறங்கிட்டாரே. தம்பி, கார்டு, கையில கார்டு...

போகட்டும். அடுத்த பஸ்ஸுக்கு நிக்கிறாரு போல. அட, தலயத் தூக்காம வாசிச்சிக்கிட்டிருக்காரு. எங்கிட்டருந்து தப்பிச்ச மனுஷன், எங்கண்ணன்கிட்ட மாட்டிக்கிட்டாரு.

ஒண்ணு வெளிய போயிருச்சு. இனி மறைக்க என்ன இருக்கு?

என்ன கொண்டக்டர்? மேல இருக்கற பையா?

அது என்னோடது இல்லீங்க.